மலை மறைப்பதற்குள் ஒரு கிரேக்கச் சாப்பாடு

அன்று வேங்கிக்கால் வீட்டில் இருந்தவர்கள்: சக்கரவர்த்தியாகிய நான், என் மனைவி கனகலதா, மகன் வீரேந்திரன், மருமகள் ஸ்வேதா, அவளுடைய தகப்பனாரும் எனக்குச் சம்பந்தியுமான கீழ்பென்னாத்தூர் அப்பாண்டைராஜ். ஆறாவதாக ஒருவர் இல்லை. எனவே ஆறாவது ஆள் யார் எதைச் சொன்னாலும் அது கேள்விப்பட்ட கதைதான்.

போன ஐப்பசியில் வீரேந்திரனுக்குச் சர்க்கரை ஏறியிருப்பது தெரிந்தது. சாயங்காலச் சாப்பாட்டில் சோறு, சப்பாத்தி, இட்லி கூடாது என்றார் டாக்டர். ஸ்வேதா எங்கெங்கோ பார்த்து கிரேக்க நாட்டுச் சமையலை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். மாவுச்சத்து குறைவு, வயிறும் நிறையும் என்றாள். நாங்கள் சமணர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எங்கள் அடுப்பேறாது. அவற்றை விட்டுவிட்டு, அந்த ஊர்ச் சீஸுக்குப் பதில் பனீரை உப்புநீரில் ஊறவைப்பாள். கெட்டித் தயிரில் வெள்ளரிக்காய் துருவிப் போடுவாள். குடைமிளகாய்க்குள் பனீரும் வேர்க்கடலையும் அடைத்து ஓவனில் சுடுவாள். நான் குறை சொன்னதில்லை. நன்றாகவே இருந்தது.

ஊர்தான் சும்மா இருக்கவில்லை. சக்கரவர்த்தி வீட்டில் மருமகளுக்குச் சோறு போடுவதில்லை, இலைதழைதான் என்ற பேச்சு கீழ்பென்னாத்தூர் வரை போய்விட்டது. உடனே பெண்ணைப் பெற்றவர் போன் செய்தார். தைப் பௌர்ணமி அன்று சாயங்காலம் சாப்பிட வருகிறாராம்.

"சோறும் ஆக்கணும்," என்றேன்.

"மாமா, அப்பாவுக்கு என் சமையலைத்தான் போடணும்னு இருக்கேன்."

"போடு. பக்கத்துல சோறும் இருக்கட்டும். சோறில்லாத இலையில சம்பந்திய உக்கார வச்சோம்னு பேர் வரக்கூடாது."

"அப்ப குக்கரை நீங்களே பாத்துக்கங்க," என்று சொல்லி, அரிசி களைந்து கரண்ட் குக்கரில் தண்ணீரோடு வைத்தாள். "அப்பா பஸ் ஏறினதும் போட்டுடுங்க."

போட்டேன். விளக்கு எரிந்தது.

பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதது சமணர் வழக்கம். எங்கள் வீட்டில் அதைவிடக் கண்டிப்பு உண்டு. தை மாதத்தில் இங்கிருந்து பார்த்தால் சூரியன் அண்ணாமலைக்குப் பின்னால் இறங்கும். அதற்கப்புறமும் பஞ்சாங்கம் கொஞ்ச நேரம் தருகிறது. நான் தருவதில்லை. இந்த வீடு கட்டிய நாள் முதல் மலை மறைத்தால் கை கழுவ வேண்டியதுதான்.

கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். சம்பந்தி நடந்து வந்து சேர்ந்தபோது சூரியன் மலை உச்சிக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவர் தோளில் ஒரு பை.

"என்ன சம்பந்தி இது?"

"புது அரிசிங்க. நம்ம நெலத்துல வெளஞ்சது. இங்க கொஞ்சம் கம்மியா இருக்குதுனு கேள்விப்பட்டேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அப்பா!" என்றாள் ஸ்வேதா.

நான் இலை போடச் சொன்னேன். குக்கரை நானே தூக்கிவந்து அவர் எதிரில் மூடியைத் திறந்தேன்.

வெதுவெதுப்பான தண்ணீருக்கடியில் அரிசி போட்டது போட்டபடி கிடந்தது.

வீரேந்திரன் எட்டிப் பார்த்தான். "ப்ளக் மட்டும்தான் போட்டிருக்கீங்கப்பா. கீழ இருக்கற பட்டனை அழுத்தவே இல்ல. எரிஞ்சது சூடா வச்சிருக்கற லைட்டு."

விளக்கு எரிந்தால் வேகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"இப்ப அழுத்தினாகூட வெந்துடும்பா. பஞ்சாங்கப்படி டைம் ஜாஸ்தியாவே இருக்கு."

"மலை மறைச்சா மறைச்சதுதான்."

"ஏங்க, வந்தவர் பசியோட உக்காந்திருக்கார்," என்றாள் கனகலதா.

சூரியன் உச்சிக்கு ஒரு சாண் மேலே வந்துவிட்டது. காத்திருந்தால் என் சொல் போகும். காத்திருக்காவிட்டால் சோறில்லாத வீடு என்ற பேச்சு உண்மையாகும். ஸ்வேதா சுடச்சுடத் தட்டைத் துணியால் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரிமாறும்மா," என்றேன்.

சம்பந்தி முதலில் கறுப்பாக ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "என்னம்மா இது, நாவப்பழத்தை ஊறுகா போட்டுட்டியா?"

"ஆலிவ்ப்பா. கொட்டையத் துப்பிடுங்க."

"முழுங்கினப்புறம் சொல்றியே!"

முதல் குடைமிளகாயைச் சந்தேகத்தோடு சாப்பிட்டார். இரண்டாவதைப் பேசாமல் சாப்பிட்டார். மூன்றாவதை அவரே கேட்டு வாங்கினார். தயிரை வழித்து நக்கினார்.

"சோறு வேணுமாப்பா? மாமா ஊற வச்ச அரிசி இருக்கு," என்றாள் ஸ்வேதா.

கனகலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"சோத்த எங்கம்மா வைக்கறது? வயித்துல எடமே இல்ல," என்ற சம்பந்தி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சுகர்தாம்மா. உங்கம்மாகிட்ட இன்னும் மூச்சு விடல. சுடாத மிளகா மிச்சம் இருந்தா குடு. காலைல தோசைக்கல்லுல வாட்டி, அவளத் தின்ன வச்சிட்டு அப்புறமா விஷயத்தைச் சொல்றேன்."

"அம்மா உங்கள வாட்டாம இருந்தா சரி."

"சம்பந்தி," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "கண்டவங்க பேச்சக் கேட்டு அரிசியத் தூக்கிட்டு வந்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"புது அரிசியை வேணாம்னு சொல்ற வீடு இது இல்லைங்க," என்றேன்.

அவர் கடைசி வாய் தண்ணீர் குடித்து எழுந்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று.

கனகலதா அரிசியை எங்கள் டிரம்மில் கொட்டிக்கொண்டாள். காலியான பையில் ஸ்வேதா மிளகாய் டப்பாவை வைத்துக் கொடுத்தாள்.

சம்பந்தி கொண்டுவந்த அரிசியைச் சக்கரவர்த்தி வாங்க மறுத்துப் பையோடு திருப்பி அனுப்பிவிட்டார் என்று இப்போது பேசுகிறார்களாம். தவறு. அந்த அரிசியைத்தான் நானும் கனகலதாவும் மத்தியானத்தில் சாப்பிடுகிறோம். பையில் போனது குடைமிளகாய்.