பெட்டி இல்லாத வீடு

மூன்றாவது நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் இரண்டும் மடித்த தாளாகக் கதவிடுக்கில் வந்தவை. இது மஞ்சள் நிறத்தில், மாடிப்படி ஏறுகிற எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. உரிமம் இல்லாத ஒளிபரப்புப் பெட்டி ஒன்று உங்கள் இணைய இணைப்பில் இயங்குகிறது, புதன்கிழமை மாலை ஆய்வுக்கு வருகிறோம், வீட்டில் இருக்கவும். அரபியிலும் ஆங்கிலத்திலும் அதுவே. என் கணவர் முகம்மது ரிபாய் அதை நகத்தால் சுரண்டி எடுத்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி படித்தார்.

"டிவியே இல்லாத வூட்டுக்கு லைசென்ஸ் எதுக்கு புள்ள? வரட்டும். வந்து கட்டிலுக்கு அடியிலயும் பாத்துட்டுப் போவட்டும்."

அவர் சொன்னது உண்மைதான். பெரிய மகள் பத்தாம் வகுப்புக்குப் போனபோது டிவியை விற்றோம். அதற்குப் பிறகு வாங்கவில்லை. இந்த வளைகுடா நாட்டில், ஃபர்வானியாவில், பதினாறு வருடங்களாக அத்தர்க் கடையில் நிற்கிற மனிதர் அவர். சாலையைக்கூடக் கோடு போட்ட இடத்தில்தான் கடப்பார். முதல் நோட்டீஸ் வந்ததும் அதிலிருந்த எண்ணுக்கு அழைத்து, எங்கள் வீட்டில் டிவி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒருமுறையும் இந்தியில் ஒருமுறையும் சொன்னார். இரண்டாவதற்குக் கடிதமே எழுதினார். பதில் வரவில்லை. அவருடைய கோபம் குற்றமில்லாதவனின் கோபம். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், தனி வாசல் வைத்த ஒற்றை அறையில் இருந்தாள் துஷானி. கிளிநொச்சிக்காரி. ஒரு வீட்டில் இரண்டு வருடம் வேலை செய்தாள். விடுமுறையான வெள்ளிக்கிழமைகூட அவர்கள் வெளியே விடவில்லை. ஒருநாள் குப்பை கொட்டப் போனவள் அப்படியே நடந்து வந்துவிட்டாள். விசா கொடுத்த முதலாளி, கஃபீல், அவள் ஓடிப்போனதாகப் போலீஸில் எழுதிக்கொடுத்துவிட்டான். விசா போய்விட்டது. காலையில் இரண்டு மூன்று வீடுகளில் துடைத்துக் கழுவிவிட்டு மத்தியானம் அறைக்கு வந்தால் பிறகு வெளியே தலைகாட்ட மாட்டாள்.

"அக்கா, உங்கட நெட் பாஸ்வேர்ட்டை ஒருக்கா அடிச்சுத் தருவீங்களோ? பிள்ளையோட முகம் பாத்துக் கதைக்கோணும்" என்று ஒருநாள் போனை நீட்டினாள். மகளுக்கு ஒன்பது வயது. அம்மம்மாவோடு இருக்கிறாள். அடித்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, ஊருக்குப் போன யாரோ விட்டுப்போன டிவியும் சின்னக் கறுப்புப் பெட்டியும் அவள் அறைக்கு வந்தன. அதற்கும் பாஸ்வேர்ட்டை நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

அதன்பிறகு தினமும் நாலு மணிக்கு அவள் அறையில் இருந்தேன். ஒரு சமையல் போட்டி. அதில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, ஒவ்வொரு வாரமும் தோற்கப் போகிறவள் போலவே இருந்து கடைசியில் ஜெயித்துவிடுவாள். நானும் துஷானியும் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, அவள் உப்புப் போடும்போது "போதும், போதும்" என்போம். கணவர் ஏழு மணிக்குத்தான் வருவார். அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு மட்டுமாக இருந்தது, அவ்வளவுதான்.

நோட்டீஸ் வந்த மூன்று வாரங்களில் துஷானியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்ன அன்றே பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டிருப்பாள். நாலு மணி போயிருக்கும். அந்த வாரம் அரையிறுதி. அது முடியட்டும் என்று இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் காரணம் அதுதான்.

புதன்கிழமை பாஸ்வேர்ட்டையாவது மாற்றிவிடலாம் என்று எழுந்தேன். கணவர் லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை அணிந்து, ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு என்று பேரீச்சம்பழம்கூட எடுத்து வைத்திருந்தார்.

இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளை அங்கி போட்ட இந்த நாட்டு அதிகாரி ஒருவர். இந்தி பேசுகிற டெக்னீஷியன் அஹ்சன். அறைகளைப் பார்த்தார்கள். கணவர் அலமாரிகளைத் தாமாகவே திறந்து காட்டினார். டிவி இல்லை என்று அதிகாரி தாளில் குறித்துக்கொண்டபோது அவர் முகம் மலர்ந்தது. அஹ்சன் மட்டும் ரவுட்டர் முன்னால் குந்தி, போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"பாயி, நாலு கனெக்ஷன் இருக்கு. மூணு உங்களோடது. நாலாவது அந்தப் பெட்டி. இந்த நிமிஷமும் ஓடிட்டிருக்கு" என்றான் இந்தியில்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எதாச்சும் தெரியுமா புள்ள?"

குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அவர் பெயரில்தான் எங்கள் எல்லோருடைய விசாவும். ஒரு கேஸ் என்றால் எல்லாம் போய்விடும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான்தான் கொடுத்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினேன்.

எல்லோரும் வெளியே வந்தோம். துஷானியின் கதவு ஒருக்களித்திருந்தது. மணி நாலு. எனக்காகத் திறந்து வைத்திருந்தாள்.

"வாங்கோ அக்கா, தொடங்கப் போகுது..." என்று வந்தவள் என் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அதிகாரி அரபியில் கேட்டார், உனக்கு இணைப்புக் கொடுத்தது யார் என்று. துஷானி அந்த வீட்டில் கற்ற அரபியில், தடுமாறாமல் சொன்னாள்: யாரும் தரவில்லை. நானாகத் திருடினேன். இந்தப் பெண்ணைப் படியில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு அரபி புரியும்.

"பத்தாக்கா?" என்று அதிகாரி அடையாள அட்டை கேட்டார். உள்ளே போய்த் தேடுவதுபோல் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாள். அதிகாரி சற்றுத் தயங்கியதுபோல் இருந்தது. பெட்டிக்காக வந்தவர்தானே. பிறகு போனை எடுத்தார். போலீஸ் வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். போகும்போது என்னிடம் மெதுவாக, "அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

நிறுத்தினேன். திரும்பி வந்தபோது கணவர் அதே நாற்காலியில் இருந்தார்.

"நல்ல வேள, நம்ம பேரச் சொல்லல அது" என்றார். ரவுட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ அங்க போவியா?"

"நாலு மணிக்கு."

"டெய்லியுமா?"

"ஆமா மச்சான்."

அவர் எழுந்தார். பாஸ்வேர்ட்டை மாற்றினார். பேரீச்சம்பழத்தை மூடி உள்ளே வைத்தார்.

பத்து நாள் கழித்து, ஊருக்கு அனுப்பும்வரை பெண்களை வைத்திருக்கும் இடத்தில் அவள் இருப்பதாகத் தெரிந்தது. போட்ட துணியோடு போனவள். அவள் துணிமணிகளை ஒரு பையில் அடுக்கினேன். கணவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு தாமே வந்தார். அந்த இடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, "யாரோ குடுக்கச் சொன்னாங்கன்னு குடுத்துட்டு வந்துரு. பேரு ஏதும் குடுக்காத" என்றார். அவர் இறங்கவில்லை.

உள்ளே பெண் போலீஸ் ஒருத்தி, கையுறை போட்டவள், துஷானியின் பெயரைப் பட்டியலில் தேடினாள். அவளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, பை மட்டும் என்றாள். நீ யார், அவளுக்கு என்ன உறவு என்றாள்.

"சதீக்கா" என்றேன். தோழி.

"பத்தாக்கா" என்று அட்டைக்குக் கை நீட்டினாள்.

எடுத்துக் கொடுத்தேன். நஜீஹா என்ற என் பெயர், கணவர் பெயர், எங்கள் கட்டட எண் என்று ஒவ்வொன்றாகப் பெரிய நோட்டில் எழுதினாள். அட்டையைத் திருப்பித் தராமல் நோட்டின் மேல் வைத்துக்கொண்டு பையைத் திறந்தாள். நைட்டி, துவாய், இரண்டு சட்டை. ஒவ்வொன்றையும் விரித்து, விளக்குக்கு நேரே பிடித்து உதறினாள். ஒன்றின் மடிப்பிலிருந்து பொட்டு அட்டை விழுந்தது. அதை எடுத்துப் பிரித்து, இது என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவள் தலையாட்டிவிட்டுப் பொட்டு அட்டையைப் பைக்குள் போட்டாள். கையுறையின் விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உதறினாள். அது விழவில்லை. அதோடேயே அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.