சம்பந்திக்கு வாங்கிய சிவப்பு ஒயின்

தை மாதம் சம்பந்திகள் பிரான்சிலிருந்து வருகிறார்கள் என்று தெரிந்த அன்றே, அவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒயின் வைக்க வேண்டும் என்று நாச்சியம்மாள் சொல்லிவிட்டாள். பாலுசாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார். சூலூரில் விசைத்தறி ஓட்டும் மனிதர். கல்யாண வீடுகளில் நண்பர்களோடு ஒதுங்கி நின்று கொஞ்சம் பிராந்தி குடிப்பார், பிறகு ஏலக்காயை மென்றுகொண்டே வீட்டுக்கு வருவார். நாச்சியம்மாளுக்கு அது தெரியும். ஆனால் அந்த வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பாட்டிலும் உள்ளே வந்ததில்லை.

"நம்மூட்டுலயா? என்ன பேச்சு பேசற நீ?"

"ஏனுங்க, புரட்டாசியில நாம லியோனுக்குப் போயிருந்தமே, அந்தம்மா என்ன பண்ணுனாங்க? புரட்டாசி விரதம், நான் கறி திங்கமாட்டேன்னு, நாம இருந்த வரைக்கும் அவிய ஊட்டு மேசையிலயே கறி வெக்கலீங்க. நமக்காக அவிய அவ்வளவு பாத்தாங்கன்னா, அவியளுக்காக நாம இது பண்ணக்கூடாதுங்களா?"

பாலுசாமி லியோனை நினைத்துப் பார்த்தார். மகள் கனிஷ்கா லியோனில் வேலைக்குப் போன இடத்தில் கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டபோது, அவர் ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்தக் கசப்பைக் கரைத்தது சம்பந்தியம்மா மோனிக் குழையக் குழைய வடித்துப் போட்ட சாதமும், சம்பந்தி பெர்னார் அவரைக் கைபிடித்து ஊர் சுற்றிக் காட்டியதும்தான்.

"அப்படின்னா இருக்கறதுலயே வெல அதிகமானத வாங்கிப்போடலாம். சம்பந்திக்கு வெக்கறது, கௌரவமா இருக்கோணும்."

"வெலயப் பாத்தா ருசி தெரியுமுங்களா? லோகப்பிரியாவக் கேக்கறேன்."

லோகப்பிரியா நாச்சியம்மாளுடைய அண்ணன் மருமகள். கோயமுத்தூர் கணபதியில் குடியிருந்து, அங்கே ஒரு பெரிய ஓட்டலில் உணவகப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே சிரித்தாள். "நான் வாரேனுங்கத்தை, கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

சனிக்கிழமை மூவரும் மாலில் இருந்த வெளிநாட்டு மதுக்கடைக்குப் போனார்கள். உள்ளே நுழைந்ததுமே பாலுசாமி திடுக்கிட்டு நின்றார். எதிர் அலமாரியில் கூடையும் கையுமாக நூல் வியாபாரி வேலுமணி. இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆளுக்கொரு பாட்டிலின் லேபிளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தார்கள். நாச்சியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

லோகப்பிரியா பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"தங்கக் கலருல மெடல் ஒட்டியிருக்குதுன்னு எடுத்தறாதீங்க மாமா. அதெல்லாம் எந்தப் போட்டியில குடுத்ததுன்னு நமக்குத் தெரியாது. இங்க பாருங்க, இந்த வரி இருந்தா, திராட்சை வெளைஞ்ச தோட்டத்துலயே பாட்டில்ல அடைச்சதுன்னு அர்த்தம். அப்பறம் வருசம். இந்த வெலைக்கு வர்றதெல்லாம் புதுசா இருக்கறப்பவே குடிக்கோணும். பழசாகப் பழசாக நல்லாருக்கும்ங்கறது எல்லாத்துக்கும் பொருந்தாதுங்க. அதுவும் நம்மூரு வெயில்ல."

"பழசுக்குத்தானே மதிப்பும்பாங்க?"

"ஒரு சிலதுக்குத்தானுங்க மாமா."

கடைசியில் மூன்று பாட்டில்கள் கூடையில் ஏறின. பாலுசாமியின் மனம் குளிர, விலை கூடிய போர்டோ ஒன்று. பிரான்சின் தெற்கில் லாங்குடாக் பகுதியிலிருந்து விலை குறைவானது ஒன்று. இரண்டுக்கும் நடுவில், லியோனுக்குக் கீழே ரோன் ஆற்றங்கரைத் தோட்டங்களில் விளைந்தது ஒன்று.

மறுநாள் நாச்சியம்மாள் வெள்ளாட்டுக் கறிக்குழம்பு வைத்தாள். சம்பந்திகளுக்கு எப்படி வைக்கப் போகிறாளோ அப்படியே, காரம் மட்டும் ஒரு பிடி குறைத்து. லோகப்பிரியா தன் பையிலிருந்து கார்க் திருகியையும் கண்ணாடிக் கிளாஸ்களையும் எடுத்து வைத்தாள். அரை மணி நேரம் ஃபிரிஜ்ஜில் இருந்த பாட்டில்களை வெளியே எடுத்தாள்.

"செவப்பு ஒயினை ஃபிரிஜ்ஜுல வெக்கக் கூடாதும்பாங்க. அது அவிய ஊருக் குளிருக்குச் சொன்னது. நம்மூட்டுச் சூட்டுல அப்படியே ஊத்துனா சாராய நெடிதான் முன்னால வரும். சும்மா ஒரு ஓரமாக் கொஞ்சமா ஊத்தறேன். மோந்து பாருங்க, வாயில வெச்சுப் பாருங்க. முழுங்கப் புடிக்கலீன்னா துப்பீரலாம் அத்தை."

நாச்சியம்மாள் பக்கத்தில் ஒரு சொம்பை வைத்துக்கொண்டாள். முதலில் போர்டோ. மூக்கருகே கொண்டுபோனவள் யோசித்தாள்.

"மரப்பொட்டியத் தொறந்தாப்புடி ஒரு வாசம்." வாயில் வைத்தாள். முகம் சுருங்கியது. "துவர்க்குது கண்ணு. நாவப்பழம் தின்னா நாக்கு புடிச்சுக்குமே, அப்படி."

"அதேதானுங்கத்தை! திராட்சைத் தோலுலயும் கொட்டையிலயும் இருந்து வர்ற துவர்ப்பு."

பாலுசாமி துப்பவில்லை. "எனக்கு இதுதான் புடிச்சிருக்குது," என்றார் கண்களை மூடிக்கொண்டு.

"நல்ல ஒயின்தானுங்க மாமா. இப்பக் கறியத் தின்னுட்டு இன்னொரு வாய் பாருங்க."

அவர் ஒரு துண்டுக் கறியை மென்று, போர்டோவைக் குடித்து, உடனே தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். மிளகாய்க் காரம் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. நாக்கில் கசப்பு வேறு.

"துவர்ப்பும் காரமும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுமுங்க," என்றாள் லோகப்பிரியா.

லாங்குடாக் ஒயின் வாயில் வழவழவென்று இனிப்பாக இறங்கியது. "சர்பத்துக் குடிச்சாப்புடி இருக்குது," என்றாள் நாச்சியம்மாள். "கெட்டதில்ல. ஆனா முழுங்குனதும் ஒண்ணுமே இல்லாமப் போயிருது."

மூன்றாவது ரோன். அதை மோந்தவள் கிளாஸைக் கீழே வைக்காமல் மறுபடி மோந்தாள். "இதுல மொளகு இருக்குதா?"

"மொளகு ஒண்ணும் போடறதில்லீங்கத்தை. அந்தத் திராட்சைக்கே அப்படி ஒரு வாசம்."

குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய், ஒயின் ஒரு வாய். நாச்சியம்மாள் சொம்பை எடுக்கவேயில்லை. விழுங்கிவிட்டாள். கறியின் கொழுப்பு நாக்கை விட்டு நழுவிப் போய், மிளகும் பழமும் மட்டும் சற்று நேரம் நின்றன. இன்னொரு வாய் சோறு தின்ன வேண்டும் போலிருந்தது.

"இதுதானுங்க," என்றாள் கணவரிடம். "இது நம்ம சோத்தோட ஒத்துப் போகுது."

அவரும் தின்று, குடித்துப் பார்த்தார். போர்டோ பாட்டிலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சரி, வெல கொறஞ்சதா இருந்தாலும் பரவால்ல," என்றார்.

அந்த ரோன் ஒயினிலேயே இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வந்து, ஒரு துண்டில் சுற்றி ஃபிரிஜ்ஜின் அடித்தட்டில் வைத்தார்கள்.

மருமகனுக்கு லீவு கிடைக்காததால் கனிஷ்கா மாமனார் மாமியாரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் வருவதற்கு முந்தைய நாளே, யாரும் எதிர்பார்க்காமல், காங்கேயத்திலிருந்து பாலுசாமியின் அக்கா மாசாணியம்மாளும் பஸ் ஏறி வந்துவிட்டாள். வெள்ளைக்காரச் சம்பந்தியை நேரில் பார்க்க வேண்டுமாம். அக்கா முன்னால் பாலுசாமி இந்த வயதிலும் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டார். பாட்டிலை வெளியே எடுக்கும் பேச்சே அடங்கிப்போனது.

முதல் நாள் இரவு பெர்னாரும் மோனிக்கும் மோர் குடித்தார்கள். இரண்டாம் நாளும் மோர். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஆனால் கறிக்குழம்பைச் சாப்பிடும்போது பெர்னாருடைய வலது கை, பழக்கத்தில், தட்டுக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு கிளாஸைத் தேடியதை நாச்சியம்மாள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை அடுக்களையில் மகளிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏங்கண்ணு, உங்க மாமனார் சாப்பாட்டுக்கு ஒயின் இல்லாமச் சங்கடப்படறாரோ?"

கனிஷ்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, அவரு அப்பாவுக்குன்னு ஒரு பாட்டில் கொண்டுவந்திருக்கறாரு. நம்மூட்டுல எடுத்தறாதீங்கன்னு நான்தான் பொட்டியிலயே வெச்சிருக்கச் சொன்னேன்."

நாச்சியம்மாள் சிரித்துச் சிரித்து அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். மாசாணியம்மாள் பூசணி விதை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நங்கை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க. சம்பந்திக்கு ஒயின் வாங்கி வெச்சிருக்கறனுங்க. ராத்திரி சாப்பாட்டோட வெக்கலாம்னு..."

"ஃபிரிஜ்ஜுல துண்டு சுத்தி வெச்சிருக்கறீங்களே, அதுதானே?" மாசாணியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. "மோர் எடுக்கப் போனப்பவே பாத்துட்டேன். ஊட்டுக்கு வந்தவியளுக்குப் புடிச்சத வாங்கி வெச்சுபோட்டு, ஏனம்மணி குடுக்காம இருக்கறீங்க?"

"உங்களுக்காகத்தானுங்க."

"எனக்கா? நான் என்ன, வேண்டாம்னு சொன்னனா? கேட்டாத்தான சொல்லுவேன்!"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பாலுசாமி சத்தம் வராமல் மூச்சு விட்டார்.

அன்று மாலை வெள்ளாட்டுக் கறி கொதிக்கத் தொடங்கியபோது நாச்சியம்மாளே பாட்டிலை ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். பெர்னார் லேபிளைப் பார்த்தார், மோனிக்கைப் பார்த்தார், உள்ளறைக்கு ஓடிப்போய்த் தன் பாட்டிலையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவருடையது சில வருடம் வைத்திருந்து குடிக்க வேண்டிய ஒயினாம். அதைப் பாலுசாமி கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு இதுவே போதும் என்று ரோன் பாட்டிலைத் திறந்தார்.

குழம்பு ஒரு வாய், ஒயின் ஒரு வாய். பெர்னார் தலையாட்டிக்கொண்டே கனிஷ்காவிடம் ஏதோ கேட்டார்.

"இத யாரு தேர்ந்தெடுத்ததுன்னு கேக்கறாரு."

"எங்கூட்டம்மாதானுங்க," என்றார் பாலுசாமி. குரலில் பெருமை ததும்பியது. "மூணுல குடிச்சுப் பாத்து எடுத்தா."

"அவிய ஊட்டுல தினமும் குடிக்கறது இந்த மாதிரிதானாமா. நீங்க வெல அதிகமா எதாச்சும் வாங்கியிருந்தீங்கன்னா வெருந்தாளி மாதிரி இருந்திருக்குமாமா. இப்ப ஊட்டுல இருக்கற மாதிரி இருக்குதாமா," என்றாள் கனிஷ்கா.

இதில் என்ன ருசி தெரிந்தது என்று மோனிக் கேட்டாள். நாச்சியம்மாள் மிளகு என்றாள். அது உடனே புரிந்தது. நாவற்பழம் என்றாள். கனிஷ்கா கைவிரலால் அளவு காட்டி, நாக்கை நீட்டி, அது ஊதாவாகிவிடும் என்று நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பெர்னார் அந்தப் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பழகினார். 'நாவப்பயம்' என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

நாச்சியம்மாள் சாதம் பரிமாறுவதற்காகக் கரண்டியை எடுத்தாள். மாசாணியம்மாள் எழுந்து வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீயும் உக்காரு. நான் போடறேன்."

"நங்கை, நீங்க போய்..."

"உக்காரும்மணி. சோறு ஆறுது."

நாச்சியம்மாள் மோனிக்குக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். விருந்தாளிகளோடு சேர்ந்து அவள் ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மோனிக் அவளுடைய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றினாள். மாசாணியம்மாள் தட்டில் சோற்றை வைத்து, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றினாள். நாச்சியம்மாள் பிசைந்து முதல் வாயை எடுத்தாள். நல்ல பசி.