நெய்க்குப் போட்ட பூட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் கடப்பாக்கத்துக்குப் புதிதாக வந்த தபால்காரர் தாவீது, தான் ஆசையாக வளர்த்த கன்றுக்குட்டி செத்த நாளிலிருந்து கறி, மீன், பால், நெய் எதையும் தொடுவதில்லை. சைவ ஓட்டல்களில்தான் அவர் பட்டினி கிடந்தார். வேண்டாமென்று இலையைக் கையால் மறைத்தால், மரியாதை என்று கை மேலேயே நெய் ஊற்றினார்கள்.

இன்றும் சோறு கிடைக்காவிட்டால் வைராக்கியத்தை விட்டுவிடுவது என்ற முடிவோடு ஷரீபுன்னிசாவின் பிரியாணிக் கடைக்குள் நுழைந்தார்.

"இன்னா வேணாம்னு மொதல்ல சொல்லு அண்ணாத்த."

சொன்னார். அவள் நல்லெண்ணெயில் கத்தரிக்காய் வதக்கி, அரிசி போட்டு, புதுச் சட்டியின் மூடியை மாவால் ஒட்டித் தம் போட்டாள்.

"எனக்கு ஒருத்தனுக்கா இவ்ளோ பந்தோபஸ்து?"

"உனக்கில்ல, அவருக்கு!" என்று கணவரைக் காட்டினாள். நெய்க் கரண்டியோடு நின்ற நைனா முகம்மது முனகினார்: "ஒரே ஒரு சொட்டு. வாசனைக்குத்தான்."

"பாத்தியா? நான் அப்பால திரும்பினா ஊத்திடுவாரு."

வெந்ததும், தாவீதின் கண்ணெதிரே மாவை உடைத்து மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. அவர் வழக்கம்போல் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டார்.

"கைய எடு அண்ணாத்த, சோத்த எங்க போடறது?"