அங்கன ஆச்சிகிட்ட குடுங்க

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் பலவேசம் பதினோரு முதுகு தேய்த்து முடித்திருந்தார். சாரல் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. அருவிக்குப் போகும் வரிசை கடைத்தெரு வரைக்கும் நின்றது. எண்ணெய் தேய்க்கிற ஒன்பது பேரும் ஆளுக்கொரு கல்லைப் பிடித்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் பேரூராட்சி கொடுத்த, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை தொங்கியது. அட்டை இல்லாதவன் அருவிக்கரையில் எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்க முடியாது. பலவேசத்தின் அட்டை பதினேழாம் நம்பர்.

பன்னிரண்டாவது ஆள் பொள்ளாச்சிக்காரர். துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார். பலவேசம் உச்சியில் ஒரு கை எண்ணெயை வைத்துத் தட்டிவிட்டு, பிடரியிலிருந்து கீழே இறங்கினார்.

“தோளு என்ன இப்படி இறுகிக் கெடக்கு? உக்காந்த வேலையோ?”

“ஆமாங்க. நாள் பூரா கம்ப்யூட்டருதானுங்க.”

“அப்ப இது ஒரு நாள்ல எளகாது. குனிங்க.”

இவருக்கு மட்டும் அரை மணி நேரம் போனது. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கெடுத்துவிட்டு, அந்த ஆளைத் தட்டி அனுப்பினார். பதிமூன்றாவது ஆள் உட்கார்ந்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துப் பொள்ளாச்சிக்காரர் தலையில் நீர் சொட்ட வந்து நின்றார்.

“ஏனுங்க, ஆச்சி எங்கீங்க?”

“எந்த ஆச்சி?”

“நீங்கதான சொன்னீங்க? மரத்தடியில ஆச்சி இருக்கும், பொருளைக் குடுத்துட்டுப் போங்கன்னு. கார் சாவி, ரெண்டு போனு, பர்சு, எல்லாத்தையும் சட்டைல சுத்திக் குடுத்தேன். இப்ப ஆளையே காணோம்.”

பலவேசம் மருதமரத்தைப் பார்த்தார். வேரின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து மாங்கொட்டை சப்பிக்கொண்டிருந்தது.

“நான் சொல்லலயே” என்றார்.

பக்கத்துக் கல்லில் பெஞ்சமின் ஒரு தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலேயே சொன்னான். “சொன்னீரு அண்ணாச்சி.”

“ஏலே!”

“எங்காதால கேட்டேன். எப்பவும் சொல்லுத மாதிரிதான் சொன்னீரு. அங்கன ஆச்சிகிட்ட குடுங்கன்னு.”

பலவேசத்தின் மனைவி முப்பிடாதி மாசி மாதம் செத்துப்போனாள். மேலகரத்து வீட்டில் பீடித் தட்டை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்தவள் நிமிரவில்லை. அதற்கு முன்னால் முப்பத்தெட்டு சீசன் அவள் அந்த வேரில் உட்கார்ந்திருந்தாள். அவர் தேய்ப்பார், தேய்த்தவர்களின் துணிமணியை அவள் பார்த்துக்கொள்வாள். மடியில் குரங்குக்கு ஒரு கம்பு. டோக்கன் கிடையாது, சீட்டுக் கிடையாது. பொருளைக் கொடுக்கும்போது ஆளின் காலைப் பார்த்து வைத்துக்கொள்வாள். “தண்ணில நனைஞ்சா மூஞ்சி மாறிரும். காலு மாறாது” என்பாள். ஒரு மூட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை.

கல்யாணமான புதிதில் பலவேசம் “அங்கன அக்காகிட்ட குடுங்க” என்று சொன்னார். அவளுக்குத் தலை நரைத்ததும் அது “ஆச்சிகிட்ட” ஆனது. இரண்டு பேரும் சண்டை போட்டு வீட்டில் பேச்சில்லாத நாட்களிலும் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. சேர்ந்து தென்காசியைத் தாண்டிப் போனது மூன்றே தடவை. மூன்றும் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு. மற்றபடி வருஷத்துக்கு ஒருநாள் காசிவிசுவநாதர் கோயில் திருக்கல்யாணம். பிள்ளைகள் திருப்பூரிலும் கடையநல்லூரிலும் இருந்தார்கள். சீசன் மூன்று மாதம் தேய்ப்பதுதான் வருஷத்துக்கும் சோறு. முன்னெல்லாம் மீதி மாதங்களில் வெள்ளையடிக்கப் போவார். அறுபத்தாறு வயதுக்காரனை இப்போது எவனும் ஏணியில் ஏற்றுவதில்லை.

புறக்காவல் கொட்டகையில் ஏட்டு ஈரத் தொப்பியை மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார். பொள்ளாச்சிக்காரர் பெயரைச் சொன்னார்: மணிகண்டபிரபு. லாக்கர் குத்தகை எடுத்திருந்த வல்லிநாயகமும் கூப்பிடாமலேயே வந்து தூணில் சாய்ந்து நின்றார். போன வருஷம் அவர் இரும்புப் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து பாதிப் பெட்டி காலியாகவே கிடந்தது.

“யாருவே அந்த ஆச்சி?” என்றார் ஏட்டு.

“எம் பொண்டாட்டிய்யா.”

“வரச் சொல்லும்.”

“அவ இல்லய்யா.”

“எங்க போயிருக்கா?”

“செத்து நாலு மாசம் ஆவுதுய்யா.”

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். மணிகண்டபிரபு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, அப்ப நான் செத்த ஆளுகிட்டயா குடுத்தேன்?”

“என்னவே, கத அளக்கீரா?” என்றார் ஏட்டு. “செத்தவகிட்ட எப்படிவே குடுக்கச் சொல்லுவீரு?”

“தெரியாம வாயில வந்துட்டுய்யா.”

“இப்படித்தான் சார்” என்றார் வல்லிநாயகம். “ஒருத்தன் தேய்ப்பான், ஒருத்தி வாங்குவா, இன்னொருத்தி கொண்டுட்டு ஓடுவா. நான் எத்தன மனு குடுத்திருக்கேன்.”

“ஒம்ம லாக்கர் வருமுன்னாடியிருந்தே அவ அங்கன இருந்தா, முப்பத்தெட்டு வருசம். ஒரு மோதரம் தொலைஞ்சிருக்கான்னு கேளும்” என்றார் பலவேசம்.

“இப்பத் தொலைஞ்சிட்டுல்லா?”

ஏட்டு கையை நீட்டினார். பலவேசம் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றிக் கொடுத்தார். கயிறு எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. ஏட்டு அதைக் கயிற்றின் நுனியில் பிடித்து வாங்கி, புகாரோடு சேர்த்து வைத்தார்.

நான்கரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய கிழவி ஒருத்தி மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். சாத்தூர்ப் பக்கம். பேரப்பிள்ளைகள் அருவியில் குளித்து முடிக்கும்வரை மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள்.

“யாரோ ஒரு தம்பி வந்து, ஆச்சி பாத்துக்கோங்கன்னு கையில திணிச்சிட்டுப் போயிருச்சு. வேன்காரன் ஐந்தருவிக்கு நேரமாச்சுன்னு கத்துறான். நம்பிக் குடுத்தத எப்படிப் போட்டுட்டுப் போக? குரங்கு வேற சுத்தி நிக்கி. கையோட கொண்டு போயிட்டேன். நான் குளிக்கவே இல்ல.”

மணிகண்டபிரபு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் இருந்தன. பலவேசத்தின் பக்கம் திரும்பி, “தப்பா நெனைக்காதீங்க பெரியவரே” என்றார். கிழவிக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்.

“அட்டையத் தாங்கய்யா” என்றார் பலவேசம்.

“மத்தியானமே ஆபீசுக்கு அனுப்பியாச்சு. நாளைக்கு அங்க போய்க் கேளும்.”

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்தில் பதினொன்றரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் உமாசங்கர் கோப்பைப் புரட்டினார்.

“காலையிலயே கேன்சல் பண்ணியாச்சே.”

“பொருள் கெடச்சிட்டு சார். அவரே வாங்கிட்டுப் போயிட்டாரு.”

“பொருள் கெடச்சது அவருக்கு. இங்க புகார்தான் வந்திருக்கு. வாபஸ்னு ஒரு பேப்பரும் வரல.”

“இனி அவர எங்க போய்த் தேடுவேன்?”

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. சீசன் முடிஞ்ச பொறவு புதுசா மனு குடுங்க.” உமாசங்கர் கோப்பில் பிறந்த தேதியைப் பார்த்தார். “ஒங்க வயசு அறுவத்தாறா? அறுவத்தஞ்சுக்கு மேல புது அட்டை கெடையாதே. பழசுன்னா கேக்காமப் புதுப்பிச்சிருப்போம்.”

“பழசுதான சார் அது?”

“கேன்சல் ஆயிட்டுல்லா?”

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வழக்கம்போல எழுந்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, மேலகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் குற்றாலத்துக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் செய்ய ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அவருடைய கல்லில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். பெஞ்சமின் பார்த்துவிட்டுப் பாட்டிலுக்கு மூடி தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

மருதமரத்தடியில் வல்லிநாயகத்தின் ஆள் மாடன் ஸ்டூலில் ஏறி நின்று மரத்தில் பிளக்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். காற்றில் அது புரண்டு புரண்டு அவன் முகத்தில் அறைந்தது.

“அண்ணாச்சி, சும்மாதான நிக்கீரு? அந்தக் கீழ் மூலையக் கொஞ்சம் புடியும்.”

பலவேசம் போய்ப் பிடித்தார். எழுத்துகள் முகத்துக்கு நேராக இருந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். ‘அறிமுகமில்லாத நபர்களிடம் உங்கள் உடைமைகளை ஒப்படைக்காதீர்கள்.’ அதற்குக் கீழே ஒரு பூட்டின் படம். அம்புக்குறி லாக்கரைக் காட்டியது.

“எண்ணெய்க் கையாவே?” என்றான் மாடன். “எழுத்துல படாமப் புடியும்.”

பலவேசம் விரல்களை ஓரத்துக்கு நகர்த்தினார். அவள் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழவென்று ஆகிப்போயிருந்த வேர் இரண்டு கால்களுக்கும் நடுவில் கிடந்தது. நாலாவது ஆணி இறங்கும்வரை அதை மிதிக்காமல், காலை அகட்டி நின்று பிடித்துக்கொண்டிருந்தார்.