அறுபத்து மூன்றாம் மேசை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யலாம்; சுட்டாலும் பரவாயில்லை.

"பிராணன் எத்தன மணிக்குப் போச்சு?" என்று காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் மூன்றாம் முறையாகக் கேட்டபோது, ஜெயலக்ஷ்மி ஃப்ரீஸர் பெட்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் அவளுடைய அண்ணா அம்பி படுத்திருந்தார். உள்ளே குளிர், வெளியே மயிலாப்பூர். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி வியர்த்தது.

"எட்டு மணி" என்றாள்.

"கீழாத்து மாமிகிட்ட எட்டரைன்னேளாம். இவன்கிட்ட ஏழரைன்னேளாம்."

இவன் என்பது சாய்சரண். அடையாறில் இருக்கும் சித்தப்பா பேரன். அம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஜெயலக்ஷ்மிக்கும் ஆகவில்லை. கொள்ளி வைக்கிற முறை தேடிக்கொண்டே போய்க் கடைசியில் அவனிடம் நின்றிருந்தது. காலையிலிருந்து வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டாக்டர் சர்டிஃபிகேட்ல ஒம்போது பத்துன்னு போட்ருக்கார் மாமா" என்றான்.

"அது கார்ப்பரேஷனுக்கு. பித்ருக்களுக்குச் செல்லாது." வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து சாயங்காலம் ஏழு அம்பத்தாறு வரைக்கும் பஞ்சமி. அதுக்கு மேல சஷ்டி. அவர் எதுல போனார்னு தெரியணும். வருஷா வருஷம் அந்தத் திதியிலதான் அவருக்கு இலை. தப்பாச் சொன்னேள்னா, அவர் சாப்பிட வர அன்னிக்கு இங்க இலை இருக்காது. நாம இலை போடற அன்னிக்கு அவர் வரமாட்டார். புரியறதோ?"

ஜெயலக்ஷ்மிக்கு நன்றாகவே புரிந்தது. வேறு யாராவது என்றால் ஒரு நாள் முன்னே பின்னே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அம்பியிடம் அது நடக்காது.

அம்பி ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்துதான் ரயில்கள் தாமதமாக ஓட ஆரம்பித்தன என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ராத்திரிச் சாப்பாடு ஏழேகால். ஒரு புயலன்று சமையலறை ஜன்னல் பிய்த்துக்கொண்டு பறந்தபோதும் ஏழேகாலுக்கு உட்கார்ந்தார். குழம்பில் வந்து விழுந்த வேப்பிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "கறிவேப்பிலை இன்னும் ரெண்டு போட்ருக்கலாம்" என்றார். எதிர் நாற்காலியில் ஜெயலக்ஷ்மி உட்கார வேண்டும். நந்தனத்தில் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் ஆறரைக்கு எழுந்து பஸ் பிடித்தாள். முப்பத்தெட்டு வருஷம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நின்றது. நிறுத்தியது ஒரு கப்பல்.

துறைமுகத்திலிருந்து இலங்கைப் பக்கம் போய்த் திரும்பும் உல்லாசக் கப்பல், நாலு ராத்திரி. அம்பிதான் ஆசைப்பட்டார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்த அன்று ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஜெயா, கப்பல்காரா கேக்கறா. சாப்பாடு ரெண்டு விதமாம். ஒண்ணு, நாலு நாளும் ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே மனுஷா. இன்னொண்ணு, தோணினப்போ தோணின எடத்துல. நான் மொதல் விதம் போட்டுண்டுட்டேன். உனக்கு?"

"தோணினப்போ."

"நாலே நாள்தான்."

"முப்பத்தெட்டு வருஷமா ஏழேகால்னு ஒக்காந்தாச்சு அண்ணா. அந்த நாலு நாளாவது என்னை விடேன்."

அவர் எழுதிக்கொண்டார்.

கப்பலில் ஜெயலக்ஷ்மி பதினோரு மணிக்கு இட்லி சாப்பிட்டாள். நீச்சல் குளத்தோரம் நூடுல்ஸ் சாப்பிட்டாள். ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்டு, யாரும் ஏனென்று கேட்காததை நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். திரும்பி வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு டிவி இருக்கும் உள் அறைக்குப் போய்விடுவாள். அம்பி ஏழேகாலுக்குத் தனியாக உட்கார்ந்தார். கப்பலில் தன் மேசையில் இருந்தவர்களைப் பற்றிக் கதை மட்டும் விட்டுக்கொண்டிருந்தார். ஒருத்தர் சூப்பை வாயில் வைத்தபடியே, கீழே எஞ்சினில் மூன்றாவது பேரிங் போய்விட்டது என்றாராம். ஒரு அம்மாள் தட்டிலிருந்த மீனைப் பார்த்ததும் அது செத்து ஒன்பது நாள் ஆகிறது, பிடித்தவன் இடது கைக்காரன் என்றாளாம். அம்பியின் கதைகளை ஜெயலக்ஷ்மி அறுபது வருஷமாகக் கேட்டவள். தலையை ஆட்டிவிட்டு டிவிக்குப் போவாள்.

நேற்றும் அப்படித்தான் போனாள். ஒன்பது மணிக்குத் தட்டுக் கழுவ வந்தபோது அம்பி மேசையில் சாய்ந்திருந்தார். வலது கை, பிசைந்த ரசம் சாதத்தோடு காய்ந்திருந்தது.

அதனால்தான் ஏழரை. அதனால்தான் எட்டு. எட்டரையும் அதனால்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு மணி தெரியாது என்பதை எப்படிச் சொல்வது?

"யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போது வாசலில் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள் போலவும், இந்த வீட்டைத் தெரியாதவர்கள் போலவும் நின்றார்கள். காலை ஆறு மணிக்கு அம்பியின் போன் அடித்து, 'மேசை கிஷோர்' என்று திரையில் வந்தது. யாரென்று கேட்காமலே ஜெயலக்ஷ்மி "அண்ணா போயிட்டார்" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தக் கிஷோர்தான் முன்னால் நின்ற இளைஞன். வேளச்சேரியில் ஐடி வேலை. பக்கத்தில் வெள்ளைத் தாடிக்காரர் ஷரஃபுதீன். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்ற அம்மாள் ஜெசிந்தா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள்.

"உள்ள வாங்கோ" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"ரெண்டு தபா சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் வந்தேன். இருந்தாலும் வாசம் கீது" என்றாள் ஜெசிந்தா. "இங்கியே நிக்கிறேனே."

"வாங்கோ."

மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஷரஃபுதீன் குனிந்து பெட்டியின் மோட்டாரைக் காது கொடுத்துக் கேட்டார்.

"பேரிங் பேசுது. சாயந்திரம் வரைக்கும் தாங்காது" என்றார் மெதுவாக.

ஜெயலக்ஷ்மி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"நீங்க... கப்பல்ல..."

"ஆமாம்மா, அறுவத்து மூணாம் மேச" என்றாள் ஜெசிந்தா. "எம்புள்ள டிக்கெட் வாங்கிக் குட்த்தான். எங்க குப்பத்துல காசு குட்த்துக் கடலப் பாக்கப் போன மொத ஆளு நான்தான். சிரிச்சாங்கோ."

"வூட்டுக்காரி ஹமீதுன்னிசா போனப்புறம் பசங்க என்ன ஏத்தி வுட்டாங்க" என்றார் ஷரஃபுதீன். "மொத நாள் சாயந்திரம் அந்த ஹாலப் பாத்துட்டு, ரூமுக்கே போய்ட்லாம்னு திரும்பறேன். சார் வந்தாரு. வெள்ளச் சட்ட, பாக்கெட்ல பேனா, கைல லிஸ்டு. என் கழுத்துக் கார்டப் பாத்தாரு. 'ஷரஃபுதீன்தானே? அறுபத்து மூணு. நேரமாச்சு, வாங்கோ'ன்னாரு. கப்பல் ஆபீசர்னே நெனச்சுட்டேன்."

"நானும்தான் ஆன்ட்டி" என்றான் கிஷோர். அந்தப் பயணம் அவனுக்குத் தேனிலவாக இருந்திருக்க வேண்டியது. கல்யாணம் நின்றுபோய், டிக்கெட் மட்டும் நிற்கவில்லை. "எங்க உக்கார்றதுன்னு தெரியாம சுத்திட்டு இருந்தேன். கூப்ட்டு உக்கார வெச்சார். கடைசி நாள்தான், அவரும் எங்கள மாதிரி வந்தவர்னு தெரிஞ்சுது."

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி. நேக்கு மணி தெரியணும். மூணு மணிக்குள்ள எடுத்தாகணும்."

"என்ன மணி?" என்று கிஷோர் கேட்டான்.

சாய்சரண் விஷயத்தைச் சொன்னான். கிஷோர் போனை எடுத்து, ஜெயலக்ஷ்மியிடம் நீட்டலாமா என்று தயங்கி, வாத்தியாரிடம் நீட்டினான்.

கப்பலிலிருந்து இறங்கியும் அந்த மேசை கலையவில்லை. நாலு பேரும் தினமும் ஏழேகாலுக்கு அவரவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அம்பி போனில் தகவல் போடுவார். உட்கார்ந்தாச்சு. குழம்பு முடிந்தது. ரசம். மோர். மற்றவர்கள் தங்கள் தங்கள் தட்டைச் சொல்வார்கள். ஜெசிந்தா எழுத மாட்டாள், பேசி அனுப்புவாள்.

"நேத்து ஏழு முப்பத்தெட்டுக்கு 'ரசம்'னு போட்டார். அதான் கடைசி" என்றான் கிஷோர்.

"ரசத்துக்கும் மோருக்கும் நடுவுல பதினோரு நிமிசம்" என்றார் ஷரஃபுதீன். "மூணு வருசத்துல ஒரு நூல் பிசகினதில்ல. ஏழு நாப்பத்தொம்போதுக்கு மோரு வந்திருக்கணும். வர்ல."

"ஒருவேளை போனை எடுக்க முடியாம உசுரோட இருந்திருந்தா?" என்றார் வாத்தியார்.

"உசுரோட இருந்துகினு மோரு ஊத்தாம இருப்பாரா, சாமி?" என்றாள் ஜெசிந்தா.

"வாட்ஸ்அப்பெல்லாம் சாஸ்திரத்துல சொல்லலை" என்று சொல்லிவிட்டு, வாத்தியார் தன் வாட்ஸ்அப்பில் வந்திருந்த பஞ்சாங்கத்தைத் திறந்து இன்னொரு தரம் பார்த்தார். ஏழு ஐம்பத்தாறுதான். ஒரு துண்டுத் தாளில் பஞ்சமி என்று எழுதி சாய்சரணிடம் கொடுத்தார்.

"மோரு வர்லியேன்னு பாத்தேன்" என்றாள் ஜெசிந்தா யாரிடமோ சொல்வது போல. "கரண்டு போயிருக்கும்னு நெனச்சேன்."

"நான் எட்டரைக்கு ரெண்டு தடவ கால் பண்ணேன். எடுக்கல" என்றான் கிஷோர்.

அது அடித்தது ஜெயலக்ஷ்மிக்குக் கேட்டிருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தது அவள்தான்.

"போனைக் கொஞ்சம் குடுங்கோ" என்றாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். நேற்று ஏழேகால்: 'ஐந்து பேர் மேசை. நால்வர் ஆஜர். தங்கை சற்றுப் பின்னால் வருவாள்.' முந்தாநாள் ஏழேகால், அதே. அதற்கு முந்தின நாள், அதே. அவளுக்கு ஜுரம் வந்து படுத்திருந்த வாரத்தில் மட்டும், 'தங்கைக்கு உடம்பு சரியில்லை. நாளை வருவாள்' என்று இருந்தது. விரல் வலிக்கும்வரை தள்ளினாள்.

"கப்பல்லயும் இப்டித்தான்" என்றாள் ஜெசிந்தா. "அந்த நாற்காலில ஒருத்தன ஒக்கார வுட மாட்டாரு. ஆறு அடி வெள்ளக்காரன் ஒருத்தன் வந்து குந்திட்டான். இவுரு நின்னு பாத்துக்கினே இருந்தாரு, அவனா எந்திரிச்சிப் போய்ட்டான். தெனம் அந்த எடத்துக்கும் ஒரு சூப்பு வெக்கச் சொல்லுவாரு. ஆறினதும் எட்த்துகினு போவாங்கோ."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்."

ஜெயலக்ஷ்மி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

இரண்டே முக்காலுக்கு எடுத்தார்கள். சாய்சரண் நெருப்புச் சட்டியோடு முன்னால் இறங்கினான். இரண்டாவது மாடியின் குறுகல் படியில் மூங்கிலைத் திருப்ப முடியாமல் நின்றபோது, ஷரஃபுதீன் கண்ணாலேயே அளந்து, "தலப்பக்கம் நாலு இஞ்சு தூக்கு நைனா, இப்ப எடது" என்றார். கிஷோர், வண்டி டிரைவர், கீழ்வீட்டு வாட்ச்மேன், ஷரஃபுதீன் என்று நாலு தோளில் அம்பி சுவரில் உரசாமல் இறங்கினார். வண்டியோடு அவர்கள் போய்விட்டார்கள்.

ஜெசிந்தா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"ராத்திரி ஏழேகாலுக்கு நாங்க குந்துவோம்" என்றாள். "நீயும்..."

"நேக்குப் பசிக்கறப்போ சாப்பிட்டுத்தான் பழக்கம்" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"சரிம்மா" என்று படியிறங்கினாள் ஜெசிந்தா.

தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது வீடு கழுவி விட்டிருந்தது. மயானத்திலிருந்து திரும்பிய சாய்சரண் அடையாறுக்குக் கூப்பிட்டான், வரவில்லை என்றாள். கீழாத்து மாமி மிளகு ரசமும் சாதமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஃப்ரீஸர் பெட்டிக்காக நகர்த்திய நாற்காலிகள் எல்லாம் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேசை பால்கனிப் பக்கம் திரும்பிக் கிடந்தது. ஜெயலக்ஷ்மி சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டாள். டிவி இருக்கும் அறை வரை போனாள். திரும்பி வந்தாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தேய்ந்து போகும்வரை அவள் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கப்பலில் உண்மையில் சாப்பாட்டுக்கு ஒரே ஏற்பாடுதான்: எவரும் எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், மேசைகளுக்கு எண் கிடையாது, டிக்கெட் வாங்குகிறவர்களிடம் எந்த விதம் வேண்டுமென்று கேட்பதும் கிடையாது.