நீலச் சிலந்தியின் வளை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் மேலாளர் நந்தகோபால், சென்னையில் யாரிடமோ ஒரு வெளிநாட்டுச் சிலந்தி வாங்கிவந்தார். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், கால்களில் கருநீலம். அதற்குத் தன் அறையில் இடம் அமைத்துக் கொடுக்க ஷர்மிளாவைக் கூப்பிட்டனுப்பினார். அவள் செக்கிங் பிரிவில் தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவள். விலங்கியல் பட்டம் வாங்கியிருந்தாள். மூன்று வருடத்தில் அந்தப் படிப்பைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை.

"இது மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழறது சார். ஒரு முழம் ஆழம் வேணும். மேல காலி இடம் கம்மியாதான் வுடணும். கண்ணாடில ஏறி வுழுந்தா வயிறு கிழிஞ்சிடும்."

"எனக்குப் பேஜார் இல்லாம செஞ்சா சரி."

கம்பெனியைச் சுற்றியிருந்த மண்ணில் தோல் பதனிடும் மருந்து இறங்கியிருக்கும். அதை அவள் தொடவில்லை. விரிஞ்சிபுரத்தில் தன் வீட்டுக் கொல்லைச் செம்மண்ணைக் காயவைத்துச் சலித்து, பஸ்ஸில் கொண்டுவந்தாள். தேங்காய் நார்த்தூள் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்குத் தண்ணீர் தெளித்து, கண்ணாடித் தொட்டியில் முக்கால்வாசி வரை அழுத்தி நிரப்பினாள். ஓரத்தில் குச்சியால் சாய்வாக ஒரு துளை போட்டு, அதன் வாயில் மரப்பட்டை ஒன்றைச் சாய்த்துவைத்தாள்.

இரண்டே நாளில் சிலந்தி உள்ளே இறங்கிவிட்டது. கண்ணாடியை ஒட்டி அது தோண்டிய வளை, நூல் பூசி வழவழவென்றிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஷர்மிளா போய்ப் பார்ப்பாள். தன் கையால் ஒன்று சரியாக அமைந்தது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

நந்தகோபாலுக்கு எரிச்சல். "மண்ணைப் பார்க்கவா இத வாங்கினேன்?"

ஒரு மாதத்தில் சிலந்தி வளையின் வாயை அடைத்துக்கொண்டது. அந்த வாரமே ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்கும் பையர்கள் வந்தார்கள்.

"தோண்டி எடு. அவங்களுக்குக் காட்டணும்."

"சார், சட்டை உரிக்குது. இங்க பாருங்க, மல்லாந்து கெடக்குது. இப்ப தொட்டா செத்துடும். பத்து நாள் வுட்டா புது நீலத்தோட வெளிய வரும்."

"பத்து நாள் இருக்கவா வந்திருக்காங்க?"

"என்னால முடியாது சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த பட்டம்மாளை உள்ளே அழைத்து, இரும்பு ஸ்கேலைக் கையில் கொடுத்தார். "இதுக்குள்ள ஒரு பூச்சி இருக்குது. குத்திக் கெளறி எடு."

பட்டம்மாள் ஷர்மிளாவையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு ஸ்கேலை மண்ணில் இறக்கினாள்.

"வேணாங்க்கா. வுடு, நானே எடுக்கறேன்."

நந்தகோபால் சிரித்தார். "முடியாதுன்னியே?"

ஷர்மிளா விரல்களாலேயே தோண்டினாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. சிலந்தி பழைய சட்டையிலிருந்து பாதிதான் வெளியே வந்திருந்தது. நான்கு கால்கள் இன்னும் சிக்கியிருந்தன. வெளிவந்த கால்கள் ஈரத்துணி மாதிரி மெத்தென்றிருந்தன. மண்ணோடு சேர்த்து இரண்டு கையிலும் ஏந்தித் தட்டில் வைத்தபோது, ஒரு கால் மூட்டில் தண்ணீர் போல் ஒரு துளி கசிந்தது.

பையர்களில் ஒருவர் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மற்றவர் போனிலிருந்து நிமிரவே இல்லை. இருவரும் சாம்பிள் ஷூ இருந்த மேசைக்குப் போய்விட்டார்கள்.

நான்கு மணிக்குள் சிலந்தியின் கால்கள் உள்பக்கம் சுருண்டுவிட்டன. நந்தகோபால் தட்டைத் தூக்கிக்கொண்டு செக்கிங் பிரிவுக்கே வந்தார். எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள்.

"படிச்ச பொண்ணுன்னு நம்பிக் குடுத்தேன். கொன்னுட்டா. பட்டம்மா, நீயே சொல்லு. தோண்டினது யாரு?"

ஷர்மிளா அவளையே பார்த்தாள். நடந்ததையெல்லாம் கண்ணால் கண்டவள் அவள் ஒருத்திதான்.

"அந்தப் பொண்ணுதாங்க," என்றாள் பட்டம்மாள், துடைப்பத்தைப் பார்த்தபடி.

"கேட்டுக்கினியா?" என்று நந்தகோபால் ஷர்மிளா பக்கம் திரும்பினார்.

"நான்தான் சார் தோண்டினேன்," என்றாள் ஷர்மிளா.

திங்கட்கிழமை அவளைப் பசை ஒட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நெடியில் மத்தியானத்துக்குள் தலை கனத்துவிடும். பட்டம்மாள் அந்தப் பக்கம் பெருக்க வரும்போதெல்லாம், ஷர்மிளா உட்கார்ந்திருந்த வரிசையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.