ஓநாய்த் தலைகளின் மேல் சுண்ணாம்பு

தன் காட்டில் பிடித்த ஒரே ஒரு முயலுக்காக எங்கள் அப்பாவைக் கோட்டை முற்றத்தில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார் பிரிசார் சீமான். மூன்றாம் நாள் அப்பா செத்துப்போனார். அந்தச் சீமானின் மகன் கசியானோடுதான் என் தங்கை மத்தூரின் பழகினாள். தெரிந்த அன்று அவளை அடித்தேன். அவள் அழவுமில்லை, மறுக்கவுமில்லை.

கசியானும் நிலைக்கவில்லை. தேவாலயத்தில் முன்வரிசை யாருக்கு என்று பக்கத்துக் கோட்டைக்காரனோடு தகராறு; வாள்சண்டையில் குத்துப்பட்டு இறந்தான். மகனின் துக்கத்துக்காகச் சீமான் தேவாலயத்து உள்சுவரைச் சுற்றிக் கறுப்புப் பட்டை தீட்டி, இடைவிட்டு இடைவிட்டுக் குலச்சின்னமான மூன்று ஓநாய்த் தலைகளை வரைய வைத்தார். ஐந்து வருஷம் அதன் கீழேதான் மண்டியிட்டேன்.

பிறகு புரட்சி வந்தது. சீமான் எல்லை தாண்டி ஓடினார். பட்டைகளை அழிக்கச் சொல்லிப் பாரீஸிலிருந்து உத்தரவு வந்தது. வெள்ளையடிப்பது என் தொழில். வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏணியில் ஏறியதும் வாசலிலிருந்து பீப்பாய்க்கார உர்பேன் குரல் கொடுத்தான்.

"ஓநாய் மூஞ்சியில நல்லா அப்புடா. உங்கப்பன் மேலேருந்து பாத்துக்கிட்டிருப்பாரு."

அவன் பின்னால் மத்தூரின் வந்தாள். ஏணியடியில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணே, தூணுக்குப் பக்கத்துல ஒண்ணு மட்டும் விட்டுடேன். கையகலம் போதும்."

"அவனுக்குத்தான் கல்லறை இருக்கே."

"அதைப் போன மாசம் நீங்கல்லாம் சேந்துதானே உடைச்சீங்க."

"அப்பாவ நெனச்சியாடி?"

"தெனமும் நெனக்கிறேன். ரெண்டு பேரையும்."

மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி அந்தத் தலைகளின் மேலேயே இழுத்தேன். ஈரச் சுண்ணாம்பு தண்ணீர் மாதிரிதான், காயும்போதுதான் வெளுக்கும். கறுப்பு அப்படியே தெரிந்தது. மத்தூரின் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியதும் அவள் முகம் மாறியது. இத்தனை வருஷத்தில் அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

சுவரை நனைக்க வைத்திருந்த வாளியில் மட்டையை அலசி, வெறும் தண்ணீரால் ஒரு இழுப்பு இழுத்தேன். ஓநாய்கள் திரும்ப எழுந்து வந்தன.

"என்னடா, ஒரே எடத்துலயே தடவிக்கிட்டிருக்க?" என்றான் உர்பேன்.

"சுவரு காஞ்சு கெடக்கு. பிடிக்க மாட்டேங்குது."

"சீமானுக்குத்தான் திமிருன்னு பாத்தா, சுவருக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

வெளுக்க வெளுக்க நனைத்தேன். நாலாவது முறை அவளே சொன்னாள்.

"போதும்ணே. காயட்டும்."

இன்னும் பதினோரு சின்னங்கள் மீதி இருந்தன. ஏணியை நகர்த்தினேன். தண்ணீர் வாளியை அவள் தூக்கிக்கொண்டாள்.